கேட்பவர் அட்டை

வயலினில் கஷ்டமெல்லாம் இடது கை விரல்களுக்குத்தான் என்று பொதுவாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கஷ்டம் வலது கையில் இருக்கிறது. வில்லை நேர்கோட்டில், ஒரே அழுத்தத்தில், அடியிலிருந்து நுனி வரை இழுத்துக்கொண்டு போகவேண்டும். கொஞ்சம் சாய்ந்தால்கூடத் துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம் வரும். எனக்கு அது பிடிபட ஒரு வருடம் ஆயிற்று. பிடிபட்டது என்று சொல்வதுகூட அதிகமோ என்னவோ. என் நோட்டில் 'பரவாயில்லை' என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன்.

நடந்ததை முதலிலிருந்து வரிசையாக எழுதச் சொன்னீர்கள். வரிசையாக எழுதுவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் நோட்டு உங்களிடம் இருக்கிறது. தேதிகளில் எங்காவது பிசகினால் நோட்டில் உள்ளதையே சரியென்று வைத்துக்கொள்ளுங்கள். என் ஞாபகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

நான் காதுக் கருவி விற்கும் கடையில் வேலை செய்கிறேன். மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறை. ஒன்றின் மூலையில் அலமாரி அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. வெளிச்சத்தம் உள்ளே போகாது. வாடிக்கையாளரை அதற்குள் உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்போம். சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் அழுத்துவார். வெளியே உட்கார்ந்து நான் ஒரு தாளில் புள்ளி வைப்பேன். புள்ளிகளைச் சேர்த்தால் அந்தக் காதின் படம் கிடைத்துவிடும். பிறகு கருவியைக் கணினியில் இணைத்து, எந்த ஒலி அவருக்குக் குறைகிறதோ அதை மட்டும் அளந்து கூட்டிக் கொடுக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவாகக் கூட்டிவிட்டால் அது காதுக் கருவி இல்லை, ஒலிபெருக்கி என்பார் எங்கள் முதலாளி. ஐந்து வருடத்தில் என் அளவு சரியில்லை என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஒன்பதாம் வகுப்பில் வந்த ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் பாதிக்கு மேல் போய்விட்டது. நான்கு வருடமாக அவளுடைய கருவிகளுக்கு அளவு வைப்பது நான்தான். அதற்கு முன் வேறு ஒரு இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அங்கே வைத்த அளவில் கருவி சும்மா இருக்கும்போதே விசிலடித்துக்கொண்டிருந்தது. "என் காதுக்குள்ள ஒரு குக்கர் இருக்குடி" என்பாள். நான் பார்த்த பிறகு அந்தச் சத்தம் நின்றது. அதிலிருந்து வேறு யாரையும் அவள் தன் காதைத் தொட விட்டதில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். முன்னறை அவளுடையது, உள்ளறை என்னுடையது.

அவளுக்குத் தண்ணீர் வாரியத்தில் வேலை. புகார்த் தொலைபேசியில் உட்கார்ந்திருந்தாள். குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தால் நாற்றமடிக்கிறது என்று காலையிலிருந்து மாலை வரை ஊரே அவள் காதில் கத்தும். தொலைபேசிச் சத்தம் நேராகக் கருவிக்கே வரும்படி நான் இணைத்துக் கொடுத்திருந்தேன். "காது கேக்காதவளைக் கூட்டிட்டு வந்து புகார் கேக்க உக்கார வெச்சிருக்காங்க. வாரியத்துக்கு மூளை இல்லைன்னு யாருடி சொன்னது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் பதினோரு வருடத்தில் கதவிலக்கத்தைத் தவறாக எழுதியதில்லை என்பதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருக்கவேண்டியதுதான்.

வயலின் ஆசை எனக்கு எப்படி வந்தது என்று கேட்டீர்கள். பெரிய காரணம் இல்லை. இருபத்தாறு வயது ஆகியிருந்தது. அதுவரை நான் படித்தது எல்லாமே யாரோ படி என்று சொன்னதால் படித்தது. பழைய சாமான் கடைக் கண்ணாடியில் ஒரு வயலின் பெட்டியைப் பார்த்தேன், வாங்கினேன். ஒரு பாடப் புத்தகம், கணினியில் பார்க்கும் சில பாடங்கள், வில் நேராகப் போகிறதா என்று பார்க்க ஒரு நிலைக்கண்ணாடி. விரல் வைக்கவேண்டிய இடங்களில் வண்ண நாடா ஒட்டினேன். தினமும் மாலை ஆறு பத்திலிருந்து ஆறு ஐம்பது வரை. நோட்டில் நான்கு பத்தி: நிமிடம், பாடம், தவறு, சந்தேகம். நான்காவது பத்திதான் எப்போதும் இடம் போதாமல் அடுத்த பக்கத்துக்கு வழியும்.

அக்கா முன்னறையில் இருந்து கேட்பாள்.

"என்னடி, நாற்காலி முடிஞ்சுதா?"

மரம் அறுக்கிற சத்தம் போலிருக்கிறது என்று அர்த்தம்.

"இன்னும் ரெண்டு கால் பாக்கிக்கா."

"சீக்கிரம் முடி. நின்னுக்கிட்டே கேக்க முடியல."

நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு நோட்டில் எழுதிவைப்பேன். 'அக்கா: நாற்காலி. இந்த வாரத்தில் மூன்றாவது முறை.' தவறு பத்தியில் எழுதுவதா, சந்தேகத்தில் எழுதுவதா என்று குழப்பமாக இருந்ததால் ஓரத்தில் எழுதினேன்.

ஒன்று சொல்லவேண்டும். நான் வாசிக்கும்போது அவள் கருவிகளைக் கழற்றி வைத்திருக்கலாம். ஒரு விரல் போதும். அவள் கழற்றவில்லை. ஒரு நாள் நானே சொன்னேன். "தங்கச்சி சத்தத்துக்கே காதை மூடினா அப்புறம் யாரு சத்தத்துக்குத் திறந்து வெக்கிறது" என்றாள். கேட்கவேண்டும் என்று அவளாகத்தான் முடிவு செய்தாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எட்டு மாதம் தனியாகப் போராடிவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் புதன்கிழமை மாலை நடக்கும் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். பதினோரு பேர். ஒரு முடிதிருத்துபவர், இரண்டு நர்ஸ்கள், ஓய்வு பெற்ற ஒரு லாரி டிரைவர், மற்றவர்கள் அலுவலகக்காரர்கள். ஆசிரியை ஒல்லியானவர், சிரிக்கமாட்டார். கற்றுக்கொடுப்பதாக அவர் சொல்லிக்கொள்வதும் இல்லை. "நீங்களேதான் வீட்ல கத்துக்கணும். நான் வாரத்துக்கு ஒரு தடவை பாக்கறேன், அவ்வளவுதான்" என்றார் முதல் நாளே.

அவருக்கு ஒரு முறை இருந்தது. ஆளுக்கு ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார். மேலே 'கேட்பவர்' என்று போட்டு ஒரு கோடு. அதில் வீட்டில் இருக்கும் ஒருவரை எழுதவேண்டும். அந்த வாரப் பாடத்தை அவர் முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்டவேண்டும். பத்துக்கு எத்தனை என்று அவர் மதிப்பெண் போட்டுக் கையெழுத்துப் போடுவார். தொடர்ந்து மூன்று வாரம் ஏழோ அதற்கு மேலோ வாங்கினால் இரண்டாம் நிலை வகுப்பு. கேட்பவரை நடுவில் மாற்றக் கூடாது.

"சங்கீதம் தெரிஞ்சவங்களா இருக்கணுமா மேடம்?" என்று நர்ஸ் ஒருத்தி கேட்டாள்.

"தெரியவே வேண்டாம். வயலினுக்கு ரெண்டு அங்குலத்துல இருக்கு உங்க காது. தினமும் கேட்டுக் கேட்டு அதுக்குப் பழகிப்போயிடும், நல்லா இருக்குன்னு சொல்ல ஆரம்பிச்சிடும். அதான் வெளியில ஒரு காது வேணும்."

அடுத்த வாரமே முடிதிருத்துபவர் மனைவியிடம் ஒன்பது வாங்கிக்கொண்டு வந்தார். வகுப்பு சிரித்தது.

"வீட்ல அவ்வளவு பயமா உங்களைப் பாத்து?" என்றார் லாரி டிரைவர்.

"பயம் எனக்குங்க. பதினொண்ணு போடட்டுமான்னு கேட்டா, நான்தான் பத்துக்குள்ள போடச் சொன்னேன்."

நான் அக்காவை எழுதியிருந்தேன். முதல் வாரம் இரண்டு. "ஒண்ணு, நிமிர்ந்து உக்காந்ததுக்கு. இன்னொண்ணு, முடிச்சதுக்கு" என்றாள். அடுத்த வாரம் மூன்று. பிறகு இரண்டு. பிறகு மூன்று, மூன்று, மூன்று.

ஆறாவது வாரம் நான் கேட்டேன். "கொஞ்சம் பாத்துப் போடேன்க்கா. எல்லாரும் ஏழு எட்டுன்னு வாங்கறாங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் இல்ல. கொஞ்சம் தாராளமா."

"அதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்கடி. முகத்துக்கு நேரா நல்லா இருக்கும்பாங்க, தெரு திரும்பினதும் சிரிப்பாங்க. நானும் அதையே சொல்றதுக்கு அக்கா எதுக்கு?"

அவள் சொன்னது நியாயம்தான். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஏழாவது வாரத்தில் வகுப்பில் பாதிப் பேர் இரண்டாம் நிலைக்குப் போய்விட்டார்கள். லாரி டிரைவரும் போனார். அவருக்கு இடது கையில் இரண்டு விரல் மடங்காது. ஆசிரியை என் அட்டையை வாங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை விரலை ஓட்டினார். "உங்க அக்காவுக்கு நல்ல காது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை யோசித்தேன். ஒரு தொழில்காரியாக யோசித்தேன். அக்காவுக்கு நல்ல காது கிடையாது. அவளுக்கு இருப்பது நல்ல அளவு. அந்த அளவு நான் வைத்தது. தொலைபேசியில் பேச்சு தெளிவாக விழவேண்டும் என்பதற்காக அவளுக்குக் கீச்சு ஒலிகளை நான் மற்றவர்களுக்கு வைப்பதைவிடத் தூக்கி வைத்திருந்தேன். வயலினில் வில் சாயும்போது வருகிற கிறீச்சும் அதே இடத்தில்தான் விழும். அப்படியானால் என் தவறுகள் சாதாரணக் காதில் விழுவதைவிட அவள் காதில் பெரிதாக விழுகின்றன. முடிதிருத்துபவரின் மனைவிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இது தொழில்நுட்ப ரீதியாக உண்மை. இந்தத் தொழிலில் இருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் நீங்கள் கேட்டுக்கொள்ளலாம். பகலெல்லாம் ஊராருக்குக் காது கொடுக்கிறேன், எனக்காக ஒரு காது இல்லை என்று கொஞ்சம் சுயபச்சாதாபமும் இருந்தது. அதை மறைக்கவில்லை. நோட்டில் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கருவிகளை நான் சுத்தம் செய்வது வழக்கம். அந்த ஞாயிறு சுத்தம் செய்துவிட்டு மடிக்கணினியில் இணைத்தேன். கீச்சு ஒலிகளின் பகுதியில் மட்டும் இரண்டு டெசிபல் இறக்கினேன். இரண்டு டெசிபல் என்பது யாருக்கும் தெரியாத வித்தியாசம். அதை 'திருத்தம்' என்று நோட்டில் எழுதினேன். எங்கள் தொழிலில் அதற்கு அதுதான் பெயர்.

அந்தப் புதன்கிழமையும் மூன்றுதான். ஆகவே அடுத்த ஞாயிறு இன்னும் இரண்டு.

நான்காவது திருத்தத்துக்குப் பிறகு அக்கா ஐந்து போட்டாள். "பரவாயில்லையேடி, கை பழகுதே" என்றாள். என் வில் நேராகத்தான் ஆகிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். கண்ணாடியிலும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒரே சமயத்தில் இரண்டு விஷயங்களை மாற்றிவிட்டேன், கையையும் கருவியையும். மதிப்பெண் எதனால் ஏறியது என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போய்விட்டது. ஒழுங்காகச் சோதனை செய்கிறவர்கள் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார்கள். இந்தத் தவறுக்காக என்னை நானே பலமுறை நொந்துகொண்டிருக்கிறேன்.

கீச்சு ஒலிகளோடு வேறு என்ன இறங்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். முதல் நாள் வரும் வாடிக்கையாளருக்கே அதைச் சொல்லித்தான் புரியவைப்போம். பேச்சின் குரல் கீழ் ஒலிகளில் இருக்கிறது, பேச்சின் தெளிவு மேல் ஒலிகளில் இருக்கிறது. மேலே இறங்கினால் ஒருவர் பேசுகிறார் என்பது கேட்கும். என்ன பேசுகிறார் என்பது கேட்காது.

இரண்டு மாதம் ஆனபோது அக்கா அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மெஷினைக் கொஞ்சம் பாரேன்டி. எல்லாரும் வாயில துணிய வெச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு."

"போன்லயா?"

"போன்லதான் ஜாஸ்தி. இன்னைக்கு ஒருத்தர் நாலு தடவை கதவு நம்பர் சொன்னார். அஞ்சாவது தடவை, காது கேக்கற ஆளைக் குடும்மான்னுட்டார்." சிரிக்கப் பார்த்தாள். "தண்ணி வண்டிய வேற தெருவுக்கு அனுப்பிட்டேன். ரெண்டு நாளா ஒரு தெருவே காஞ்சு கிடந்திருக்கு. மேலாளர் ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

நிறுத்தியிருக்கக்கூடிய இடம் இதுதான் என்று நீங்கள் சொன்னீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாரம் அட்டையில் ஆறு வந்திருந்தது.

மறுநாள் அவளைக் கடைக்கு வரச் சொன்னேன். கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்தேன். ஹெட்போனை நானே மாட்டி, முடியை ஒதுக்கிவிட்டேன். பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். நான் புள்ளி வைத்தேன். நான்கு வருடத்துக்கு முன்னால் எடுத்த படத்துக்கும் அதற்கும் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. அதை இழுப்பறையில் வைத்துவிட்டு, வேறு ஒரு தாள் எடுத்து, கோட்டைக் கீழே இறக்கி வரைந்தேன். பழைய படத்தையே காட்டியிருந்தால் காதில் குறை இல்லை, கருவியில்தான் குறை என்று ஆகும். அவள் வேறு கடைக்குப் போயிருப்பாள். இத்தனை வாரப் பயிற்சியும் வீணாகியிருக்கும்.

"கொஞ்சம் இறங்கியிருக்குக்கா" என்றேன்.

தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். படம் பார்க்க அவளுக்குத் தெரியும். "முழுசா போக எவ்வளவு நாள் ஆகும்?"

"சொல்ல முடியாது."

அது பொய் இல்லை. யாராலும் சொல்ல முடியாது.

"நீ இருக்கே. அந்த மட்டும் பொழச்சேன்" என்று சொல்லித் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மேலாளர் சொல்வதற்குள் தொலைபேசி வேலை வேண்டாம் என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே யாரும் பேசுவதில்லை, பேச ஆளும் இல்லை. தொலைபேசி நாற்காலியில் பதினோரு வருடமாகப் போட்டிருந்த மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "இது என்னோடது. வாரியத்தோடது இல்ல" என்றாள், யாரோ கேட்டது மாதிரி.

அடுத்த வாரத்திலிருந்து உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழக ஆரம்பித்தாள். நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தாள். என் நிலைக்கண்ணாடியைக் கேட்டாள், கொடுத்தேன். எனக்கு அதற்குள் கண்ணாடி தேவைப்படவில்லை. ஆறு பத்துக்கு நான் உள்ளறையில் வயலினை எடுத்தால், அவள் முன்னறையில் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து சத்தமில்லாமல் வாயை அசைப்பாள். ஆறு ஐம்பதுக்கு இருவரும் எழுந்திருப்போம்.

"பாவும் மாவும் ஒரே மாதிரி இருக்குடி. எவன்டி கண்டுபிடிச்சான் இந்த வாயை" என்பாள்.

என் நோட்டைப் பார்த்துவிட்டுத் தனக்கும் அதேபோல் ஒன்று வேண்டும் என்றாள். ஸ்கேலை வைத்து நான்தான் பத்தி பிரித்துக் கொடுத்தேன். நிமிடம், பாடம், தவறு, சந்தேகம். சந்தேகத்தில் அவள் எதுவும் எழுதமாட்டாள். ஒரே ஒரு முறை எழுதியிருந்தாள். 'தங்கச்சி பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். படிக்க முடியவில்லை.' அதற்குப் பிறகு நான் நேராகப் பார்த்தே பேசினேன். ஒரே வீட்டில், இரண்டு அறையில், இரண்டு பேரும் ஆசிரியர் இல்லாமல் ஆளுக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தோம். அக்காவும் நானும் அவ்வளவு ஒற்றுமையாக அதற்கு முன் இருந்ததில்லை. அந்த வாரங்கள் நல்ல வாரங்கள் என்றே இப்போதும் தோன்றுகிறது. நான் தவறாகவும் இருக்கலாம்.

ஏழு வந்தது. மறுவாரமும் ஏழு. மூன்றாவது வாரம் ஆறு. "இன்னைக்கு மனசு சரியில்லடி, வயலின் மேல தப்பு இல்ல" என்றாள். ஆனால் கணக்கு முதலிலிருந்து தொடங்கவேண்டும், அதுதான் விதி. அந்த ஞாயிறும் இரண்டு இறக்கினேன்.

பிறகு ஏழு. பிறகு எட்டு. எட்டு போட்ட அன்று, "வாசிக்கிறது எங்கயோ தூரத்துல, தண்ணிக்கு அடியில இருந்து வர மாதிரி இருக்கு. இதமா இருக்கு" என்றாள். கடைசிப் புதன்கிழமைக்கு முந்தின நாள் அவளாகவே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். மெத்தையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"காது முழுசா போறதுக்குள்ள ஒரு தடவை நிதானமா வாசிடி. ஞாபகம் வெச்சுக்கறேன்."

வாசித்தேன். மேல் தந்தியில் இரண்டு இடத்தில் வில் சாய்ந்தது. எனக்குத் தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். முடித்த பிறகும் கொஞ்ச நேரம் திறக்கவில்லை, முடிந்தது தெரியவில்லை என்று நினைக்கிறேன். தோளைத் தொட்டேன். அட்டையை வாங்கிப் பத்து என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

புதன்கிழமை ஆசிரியை அட்டையைப் பார்த்தார். "வாங்க, இரண்டாம் நிலைக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் சிரிக்கிறவர் இல்லை.

வியாழக்கிழமை மாலை நான்கரை மணிக்கு, கோப்பு அறைக் கட்டிடத்துக்குப் பின்சந்தில் ஒரு துணிக்கடை வேன் பின்னோக்கி வந்தது. வேன் பின்னோக்கி வரும்போது ஒரு எச்சரிக்கைச் சத்தம் போடும், கீச்சென்று விட்டுவிட்டு வரும். அதுவும் அதே பகுதியில்தான் விழும். சந்தில் இருந்த மற்ற எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. அக்கா வேனுக்கு முதுகைக் காட்டிக் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாளாம். இடுப்பெலும்பும் வலது மணிக்கட்டும் உடைந்தன. டிரைவர் மேல் வழக்குப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் மேல் தப்பு இல்லை. அவர் சத்தம் கொடுத்துக்கொண்டுதான் வந்தார்.

மருத்துவமனையில் காதுப் பிரிவு இளைஞர் ஒருவர் அவளுடைய கருவிகளைக் கணினியில் இணைத்துப் பார்த்திருக்கிறார். எந்தத் தேதியில் எந்த அளவு மாறியது என்பது கருவிக்குள்ளேயே பதிவாகும். பதினான்கு ஞாயிறு, மொத்தம் இருபத்தெட்டு டெசிபல். காதையும் சோதித்திருக்கிறார். அது நான்கு வருடத்துக்கு முன் இருந்தபடியே இருந்தது. ஒரே தொழில் என்ற மரியாதையில் கடைக்குப் போன் செய்தார்.

"மேடம், நீங்க வெச்ச அளவை யாரோ மாத்தியிருக்காங்க. வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"யாரோ இல்லை. நான்தான்" என்றேன்.

நான் எதையும் மறைக்கவில்லை என்பதற்கு அவரே சாட்சி. பழைய அளவைத் திரும்ப வைக்க அவருக்குப் பதினோரு நிமிடம் ஆனதாம். எனக்கு ஏழு நிமிடம் போதும்.

அன்று மாலை போய்ப் பார்த்தேன். அந்த இளைஞர் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தார். கருவிகள் காதில் இருந்தன. வார்டில் தள்ளுவண்டிச் சக்கரம் போனாலும், யாராவது கரண்டியைக் கீழே போட்டாலும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். என்னிடம் பேசும்போது பழக்கத்தில் என் வாயையே பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசத்துக்கு மேல."

"வேலையை நானே வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன்டி."

"தெரியும்க்கா."

"கண்ணாடி முன்னாடி உக்காந்து பைத்தியம் மாதிரி வாயை ஆட்டிட்டிருந்தேன். பாத்துக்கிட்டே உள்ள போவியே."

"ஆமா."

கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ வாசிச்சதை நான் கேட்டேனா இல்லையா?"

"கேட்டே. கையெழுத்துப் போட்டிருக்கே" என்றேன்.

இடது கையால் இரண்டு கருவிகளையும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு முறை போனேன். நான் வாசலில் தெரிந்ததுமே கழற்றிவிடுகிறாள். நான் போன பிறகு மாட்டிக்கொள்வதாக நர்ஸ் சொன்னாள். வயலின் சத்தத்துக்குக்கூட அவள் கழற்றியதில்லை.

நீங்கள் கேட்டவற்றுக்கு மொத்தமாகப் பதில் எழுதிவிடுகிறேன். அளவைக் குறைத்தது நான். பொய்ப் படம் வரைந்தது நான். வேலை போகும்போது பார்த்துக்கொண்டிருந்ததும், உதடு படிக்கப் பத்தி பிரித்துக் கொடுத்ததும் நான். ஒவ்வொரு முறையும் என்ன ஆகும் என்று தெரிந்துதான் செய்தேன். யாரும் தூண்டவில்லை, யாருக்கும் தெரியாது. இதில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நோட்டோடு சேர்த்து அந்த மஞ்சள் அட்டையையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். அதை எனக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டாம் நிலையில் சேர அசல் அட்டை வேண்டும், நகல் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். வழக்குக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நோட்டில் உள்ளது என் வேலை, அட்டையில் உள்ளது அக்காவின் வேலை. அதில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் அவள் தன் காதால் கேட்டு, தன் கையால் போட்டது. ஒன்றில்கூட நான் கை வைக்கவில்லை.